எழுத்திற்கு இரு வாயில்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கோச்சடையில் நடைபெற்ற பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இக்கழகத்தைத் தோற்றுவித்த பெரியவர்கள் மாலை வேளைகளில் தெருத்தெருவாகச் சென்று ஒரு கேள்வியைக் கேட்டார்கள். 'இந்த வீட்டில் பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா?' என்பதே அது. அக்கேள்வியின் பயனைத்தான் இன்று இம்மன்றத்தில் பட்டதாரிகளாகவும், செவிலியர்களாகவும், ஆசிரியர்களாகவும் காண்கின்றோம். வெள்ளி விழா ஆண்டில் அக்கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்க விழைகின்றோம். பள்ளிக்கு வந்தும் எழுத்தைக் காணாத பிள்ளை உண்டா? அப்பிள்ளைக்கு எந்த எழுத்தைக் கற்பிப்பது? அச்செழுத்தையா, விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தையா? இதுவே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நம் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பந்து விளையாடுவான்; தெருவில் தனியே நடப்பான்; வைகையில் வெள்ளம் வந்தால் முதல் ஆளாகக் கரையில் நிற்பான். ஆனால் புத்தகத்தை எடுத்தால் மூக்கைத் தாளோடு ஒட்டிக்கொள்வான். 'நிமிர்ந்து உட்கார்ந்து படி' என்று நாம் அதட்டுவோம். நிமிர்ந்தால் அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பதை நாம் அறிந்திலோம். முதல் வரிசையில் அமர்த்தினோம். அத்துடன் நம் கடமை முடிந்தது என எண்ணினோம். அவனோ பக்கத்தில் இருந்த தோழன் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டு மனனம் செய்தே பத்தாம் வகுப்புவரை வந்துவிட்டான். தேர்வுக் கூடத்தில் தோழன் இல்லை. தோற்றான், சித்தாளாகப் போனான். பல ஆண்டுகள் கழித்து மேலக்கால் சாலையில் கட்டட வேலை நடந்த இடத்தில் அவனைக் கண்டோம். 'அப்பவே எழுத்துத் தெரியலைன்னு சொல்லியிருக்கலாம் சார். சொன்னா குருடன்னு பேரு வந்திருமோன்னு பயந்துட்டேன்' என்றான். அவன் அஞ்சியது ஒரு பெயருக்கு. நாம் அறியாமல் இருந்தது ஒரு குறைபாட்டை. இரண்டிற்கும் இடையில் ஒரு பிள்ளையின் கல்வி போயிற்று.

அவனுக்கு இருந்தது குருட்டுத்தன்மை அன்று, குறைபார்வை. கண்ணாடி அணிந்தும், மருத்துவம் செய்தும், அறுவை செய்தும் முழுமையாகச் சரி செய்ய இயலாத பார்வைக் குறைவையே குறைபார்வை என்கிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு அளவு கூறுகின்றது. நல்ல கண்ணில் பார்வை 6/18க்குக் கீழே 3/60 வரை இருந்தால், அல்லது பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் கீழே 10 பாகை வரை சுருங்கியிருந்தால், அது குறைபார்வை. 6/60 என்றால் என்ன? மற்றவர் 60 மீட்டர் தொலைவில் காணும் எழுத்தை இக்குழந்தை 6 மீட்டர் தொலைவில்தான் காண இயலும் என்பது பொருள். புத்தகத்தை அருகே கொண்டு சென்றால் எழுத்து பெரிதாகத் தெரியும்; பாதித் தொலைவில் பிடித்தால் இரு மடங்கு பெரிதாகும். அதனால்தான் இப்பிள்ளைகள் முகத்தோடு புத்தகத்தை ஒட்டுகின்றனர். அவ்வாறு படிப்பதனால் கண் கெட்டுப்போகாது. இதை ஆசிரியர்களும் தாய்மார்களும் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் தமிழ் எழுத்து இப்பிள்ளைகளை எங்கே தடுக்கின்றது என்பதையும் காண வேண்டும். 'ர' என்னும் எழுத்திற்கும் காலுக்கும் உள்ள வேறுபாடு அடியில் உள்ள ஒரு சிறு சாய்கோடே. இரண்டு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் மங்கிய கண்ணுக்கு ஒன்றே. எகரமும் ஏகாரமும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒரு சிறு கோட்டிலும் சுழியிலும் பிரிகின்றன. எல்லாவற்றினும் மேலாக, மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளி முதலில் மறைந்துவிடும். ஆகவே ஒரு குழந்தை இவ்வெழுத்துகளில் மட்டும் திரும்பத் திரும்பப் பிழை செய்யுமானால், 'கவனமில்லை' என்று சிவப்பு மையால் எழுதுவதற்கு முன்னர், கண்ணைச் சோதித்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனிப் பிரெயில் எழுத்தைப் பற்றிச் சில சொற்கள். இதனை ஆக்கிய லூயி பிரெயில் 1809ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் கூப்வ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைக்கும் தொழிலாளி. தந்தையின் பட்டறையில் தோலைத் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடியபோது, மூன்று வயதில், அவ்வூசி கண்ணில் பாய்ந்தது. நாளடைவில் இரு கண்களும் ஒளியிழந்தன. அதே குத்தூசியைப் போன்ற ஒரு கூர்ங்கருவியால் தாளில் புள்ளி குத்தி, பதினைந்து வயதிலேயே ஆறு புள்ளி எழுத்துமுறையை அவர் வகுத்தார். தோல் தைப்பவர்களை ஊரின் ஓரத்தில் நிறுத்திய நாடு நம் நாடு. உலகெங்கும் உள்ள பார்வையற்றோர்க்கு எழுத்தைத் தந்தவர் ஒரு தோல் தொழிலாளியின் மகன் என்பதை நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து அறிந்துகொள்ளட்டும்.

ஆனால் அவ்வெழுத்தை உலகம் உடனே ஏற்கவில்லை. 'எம் கண்ணுக்குப் புரியாத எழுத்து எதற்கு?' என்று பார்வையுள்ள ஆசிரியர்களே எதிர்த்தனர். 1852இல் லூயி பிரெயில் மறைந்தார். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1854இல், பிரான்சு அதனை முறைப்படி ஏற்றது. படிப்பவனின் வசதியை விடக் கற்பிப்பவனின் வசதியே பெரிதாக எண்ணப்பட்டமையே இதற்குக் காரணம். இத்தவறு இன்றும் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

நம் நாட்டு மொழிகள் அனைத்திற்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் ஏற்கப்பட்டது. ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்கள் அமையும். தமிழுக்கு அவற்றுள் பாதி போதும். அச்சில் 247 எழுத்துகளையும் வடிவம் வடிவமாகக் கற்க வேண்டும். பிரெயிலிலோ 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், புள்ளிக்கு ஒரு குறி, இவ்வளவே. ககரத்தை அடுத்து ஆகாரத்தை வைத்தால் 'கா'. அச்சில் எழுத்திற்கு முன்னே நிற்கும் கொம்பு, பிரெயிலில் ஒலிக்கும் முறைப்படி பின்னே வரும். அச்சில் தலைமேல் மறைந்து நிற்கும் அந்தப் புள்ளி, பிரெயிலில் மெய்க்கு முன்னால் தனக்கெனத் தனிக் கட்டம் பெற்று நிற்கும். கண் தவறவிடும் புள்ளியை விரல் தவறவிடாது. ஆகவே பிரெயில் என்பது அச்சுக்குக் கீழ்ப்பட்ட எழுத்து அன்று. அதுவும் தமிழே; அதே இலக்கணம், அதே குறள், அதே பாடம்.

அவ்வாறாயின் குறைபார்வைப் பிள்ளைகள் அனைவருக்கும் பிரெயிலையே கற்பித்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அதுவும் தவறே என்பதற்கு வரலாறு சான்றாக உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்ணைப் பயன்படுத்தினால் உள்ள பார்வையும் தேய்ந்துவிடும் என்று மேலை நாட்டார் கருதினர். 1908இல் இலண்டனிலும், 1913இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் 'பார்வை காக்கும் வகுப்புகள்' தொடங்கின. பார்வையற்றோர் பள்ளிகளில் பயின்ற குறைபார்வைப் பிள்ளைகள் புள்ளிகளைக் கண்ணால் பார்த்துப் படித்துவிடக் கூடாதென்று துணியால் மறைத்துப் பழக்கியதும் உண்டு. 1964இல் நாட்டலி பராகா என்னும் அமெரிக்கக் கல்வியாளரின் ஆய்வு வெளிவந்தது. முறையாகப் பயிற்சி அளித்தால் எஞ்சிய பார்வையைக் குழந்தைகள் இன்னும் திறம்படப் பயன்படுத்துவர் என அது காட்டியது. அதன்பின் எண்ணம் மறுகோடிக்குச் சென்றது. இம்மியளவு பார்வை இருந்தாலும் அச்செழுத்தே என்றாயிற்று. விளைவு என்ன? ஒரு பக்கத்தைப் படிக்க அரை மணி நேரம் போராடி, தலைவலியோடு புத்தகத்தை மூடிவிடும் பிள்ளைகள் பெருகினர். பெயரளவில் அச்சு படிப்பவர். உண்மையில் எதையும் படியாதவர். இதனை உணர்ந்தே 1997இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. பார்வைக் குறையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பிரெயில் கற்பிக்க வேண்டும். தேவையில்லை என்று முறையான மதிப்பீடு காட்டினால் மட்டுமே விடலாம் என்பது அத்திருத்தம்.

ஆகவே நாம் சொல்ல வருவது இதுவே. அச்சா பிரெயிலா என்பதைச் சான்றிதழில் உள்ள விழுக்காடு முடிவு செய்யக் கூடாது. பெற்றோரின் கௌரவமும் முடிவு செய்யக் கூடாது. பள்ளியில் எந்த ஆசிரியர் இருக்கிறார் என்பதும் முடிவு செய்யக் கூடாது. அக்குழந்தை எவ்வாறு படிக்கின்றது என்பதே முடிவு செய்ய வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, தகுந்த கண்ணாடியும் உருப்பெருக்கியும் வெளிச்சமும் தந்த பிறகு, தன் வயதுப் பிள்ளைகளுக்கு ஓரளவேனும் ஈடாக விரைந்து படிக்கின்றதா? எழுத்தை எவ்வளவு பெரிதாக்குகின்றோமோ அவ்வளவிற்கு ஒரு பார்வையில் அகப்படும் எழுத்துகள் குறையும் என்பதை மறவாதீர்கள். இரண்டாவது, எவ்வளவு நேரம் படிக்க முடிகின்றது? ஐந்து நிமிடம் நன்றாகப் படிக்கும் பிள்ளை, அரை மணி கழித்து என்ன செய்கின்றது என்று பாருங்கள். கண்ணில் நீர் வடிகின்றதா, கழுத்து வலிக்கின்றதா, படித்த வரியையே மீண்டும் படிக்கின்றதா? மூன்றாவது, அந்நோய் நிலையாக நிற்பதா, வளர்வதா? இதனைக் கண் மருத்துவரே சொல்ல வேண்டும். நான்காவது, தான் எழுதியதைத் தானே திரும்பப் படிக்க முடிகின்றதா? இந்நான்கையும் ஆண்டுக்கு ஒரு முறை மீண்டும் கேட்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் பெரிய எழுத்தைப் படித்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பின் சிறிய எழுத்தில் தடுமாறலாம்.

இரு பிள்ளைகளைச் சான்றாகக் கூறுகின்றோம். ஒருவன் பிறவியிலேயே தோலிலும் மயிரிலும் விழியிலும் நிறமி குறைந்தவன். வெயிலில் கண் கூசும்; விழிகள் அசைந்துகொண்டே இருக்கும். சான்றிதழைப் பார்த்தவுடன் அவனைப் பிரெயிலுக்கு அனுப்பிவிட்டனர். அவனோ பிரெயில் தாளை வெளிச்சத்திற்குச் சாய்த்துப் பிடித்து, புள்ளிகளின் நிழலைக் கண்ணால் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தான்! அவன் பார்வைக் குறை பெரும்பாலும் வளராத வகையைச் சேர்ந்தது. சன்னலுக்கு முதுகு காட்டி அமர்த்தினோம். தொப்பி அணியச் சொன்னோம். தச்சரிடம் சொல்லிப் புத்தகத்தைச் சாய்த்து வைக்கும் ஒரு மரப்பலகை செய்தோம். தடித்த கருங்கோடிட்ட ஏடு கொடுத்தோம். கண் மருத்துவமனையில் உருப்பெருக்கி பெற்றான். இன்று அச்செழுத்தில் நன்றாகப் படிக்கின்றான். அவனுக்கு அச்சே உரிய வாயில்.

மற்றொருத்தி ஆறாம் வகுப்புச் சிறுமி. தாய்மாமனை மணந்த தாய்க்குப் பிறந்தவள். பகலில் புத்தகம் படிப்பாள். பொழுது சாய்ந்தால் வாசற்படியில் இடறுவாள். மாலைக்கண் என்று முருங்கைக்கீரையும் பப்பாளியும் கொடுத்துப் பார்த்தனர். சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் அவ்வாறு தீரும். இது அதுவன்று. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய். இரத்த உறவுத் திருமணங்களில் வரும் வாய்ப்பு மிகுதியாக உள்ளது. குழாய் வழியே பார்ப்பதுபோலப் பார்வைப் பரப்பு ஆண்டுதோறும் சுருங்கும். அன்று நாம் சோதித்தபோது அவள் அச்செழுத்தைத் தடையின்றிப் படித்தாள். ஆயினும் இப்போதே பிரெயில் தொடங்க வேண்டும் என்றோம். கண் இருக்கும்போதே விரலைப் பழக்கினால், கண் தளரும் நாளில் கல்வி நிற்காது.

அவள் தாயார் நம்மிடம் கோபங்கொண்டார். 'என் பிள்ளை கண்ணு தெரிஞ்ச பிள்ளை சார். குருட்டு எழுத்து படிக்கிறான்னு ஊர் சொன்னா நாளைக்கு யார் கட்டுவா?' என்றார். அக்கோபத்தில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஏற்கெனவே ஒரு பெயரைச் சுமக்கும் பெண்ணுக்கு இன்னும் ஒரு பெயரையா என்னும் தாயின் அச்சம் அது. நாம் மூன்று முறை அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். மூன்றாம் முறை நம் சமூக வரலாற்றில் ஒரு செய்தியைச் சொன்னோம். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் ஓர் இதழ் தொடங்கியபோது அதற்கு 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவு என்று பிறர் சொன்ன பெயரை மறைக்காமல் முகப்பிலேயே பொறித்தார். மறைத்து வாழ்வதன் வேதனையை நம்மைவிட அறிந்தவர் யார்? பெயருக்கு அஞ்சிப் பிள்ளையின் எழுத்தைப் பறித்துவிடலாமா? இவ்வளவே கேட்டோம். அத்தாய் விடை கூறவில்லை. மறுவாரம் தாமே பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்தார். பகலில் எல்லாரோடும் அச்சுப் பாடம். மாலையில் அரை மணி நேரம் பிரெயில் பயிற்சி. அச்சிறுமி இப்போது ஒன்பதாம் வகுப்பு. வரைபடத்தையும் கணக்கையும் கண்ணால் பார்க்கின்றாள். நீண்ட பாடங்களை விரலால் படிக்கின்றாள். இரவில் மின்சாரம் போனால் அவ்வீட்டில் தொடர்ந்து படிப்பவள் அவள் ஒருத்தியே என்று தாயார் இப்போது பெருமையுடன் கூறுகின்றார்.

மூன்றாவதாக ஒரு வழியை இக்காலத்தில் பலர் கூறுவர். கைப்பேசியே வாய்விட்டுப் படிக்கின்றதே, எழுத்து எதற்கு என்பது அது. கேட்பது நன்று, உயர்கல்விக்கு அது பெருந்துணை. ஆனால் கேட்டு மட்டுமே வளர்ந்த பிள்ளை 'பள்ளி'க்கும் 'பல்லி'க்கும் எழுத்து வேறுபாடு அறியாது. ஒற்று மிகும் இடம் அறியாது. தன் பெயரைத் தானே எழுதிப் படித்துப் பார்க்க இயலாது. பிறர் ஓதக் கேட்கலாம், தாமாக ஏடு தொடக் கூடாது என்று நம் முன்னோரை எத்தனை தலைமுறை வைத்திருந்தார்கள்! அறிவர் அம்பேத்கர் தம் பள்ளிப் பருவத்தில் வகுப்பின் ஒரு மூலையில் தனிச்சாக்கில் அமர்ந்துதான் எழுத்தைக் கற்றார். அப்படிப் பெற்ற எழுத்தை, வசதி கருதி, நம் பிள்ளைகளுள் சிலருக்கு மட்டும் இல்லையென்று ஆக்கிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை யாவை? சட்டம் நமக்குத் துணையாக உள்ளது. 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கும் உரிமையை 2016ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கின்றது. புத்தகங்களும் துணைக் கருவிகளும் 18 வயதுவரை விலையின்றி வழங்கப்பட வேண்டும் என்றும் அது கூறுகின்றது. உரிமை தாளில் இருந்தால் போதாது. கேட்டுப் பெற வேண்டும். வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைக் கேளுங்கள். பெரிய எழுத்துப் புத்தகமோ பிரெயில் புத்தகமோ வேண்டுமென்று தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே கேளுங்கள். புத்தகம் அரையாண்டுத் தேர்வு முடிந்து வந்தால் யாருக்குப் பயன்?

மதுரையில் இருக்கும் நமக்கு ஒரு நற்பேறும் உண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் நகரில்தான் உள்ளது. பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா அவர்கள் 1985இல் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் சுந்தரராசன்பட்டியில் உள்ளது. தொலைவில் உள்ள ஊரார் பேருந்து ஏறி வரும் இடங்கள் நமக்கு நகரப் பேருந்தில் செல்லும் தொலைவு. இருந்தும் நம் தெருப் பிள்ளைகள் பலர் அங்குச் சென்றதில்லை என்றால், ஒரு நாள் கூலியை இழக்க இயலாமையே பெரும்பாலும் காரணம். அங்கேதான் நம் கழகம் துணை நிற்க வேண்டும்.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். ஒன்று, நம் மாலை வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் ஆண்டுதோறும் கண் சோதனை. குறை கண்ட பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லக் கழகத்தின் இளைஞர் ஒருவர். இரண்டு, நம் படிப்பகத்தில் சாய்பலகையும் நல்ல விளக்கும் உருப்பெருக்கியும், அவற்றின் பக்கத்திலேயே பிரெயில் எழுதும் பலகையும் ஊசியும். இரண்டும் ஒரே மேசையில் இருக்கட்டும். எதுவும் எதற்கும் தாழ்ந்ததன்று என்பதைப் பிள்ளைகள் கண்டறியட்டும். மூன்று, நம் பட்டதாரிகளுள் இருவரேனும் தமிழ்ப் பிரெயில் கற்றுக்கொள்ளட்டும். கண்ணுள்ளவர்க்கு அதன் எழுத்து வடிவங்கள் சில வாரங்களில் வசப்படும். நாமும் ஐம்பது வயதைத் தாண்டித்தான் கற்றுக்கொண்டோம்.

மேலக்கால் சாலையில் கண்ட அந்தப் பழைய மாணவனின் மகன் இப்போது நம் மாலை வகுப்பில் படிக்கின்றான். அவனுக்குக் கண் நன்றாகத் தெரிகின்றது. சென்ற மாதம் அத்தந்தையார் வகுப்பின் வாயிலில் நின்று, பிரெயில் பலகையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். 'இதை இப்போ நான் கத்துக்கலாமா சார்?' என்று கேட்டார். கற்றுக்கொள்ளலாம் என்றோம். வியாழக்கிழமைதோறும் வேலை முடிந்து வருகின்றார். காய்த்துப்போன விரல், புள்ளி எளிதில் பிடிபடவில்லை. ஆயினும் உயிரெழுத்துகளை முடித்துவிட்டார். அவரை அதட்டி நிமிர்ந்து உட்காரச் சொன்ன நாமே அவர் அருகில் அமர்ந்து கற்பிக்கின்றோம். நம் பிழைக்கு நாம் செய்யக்கூடிய ஈடு இவ்வளவே.

 வாழ்க நம் கழகம்! வளர்க நம் பிள்ளைகளின் கல்வி!